படபடப்பும் கைகழுவலும்: ஒரே சீட்டில் இரண்டு நோய்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களின் மனநோய் பெரும்பாலும் உடம்பின் பெயரில்தான் டாக்டரிடம் போய்ச் சேர்கிறது. "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது", "கை கால் உதறுது", "கேஸு மேல ஏறி மூச்சு முட்டுது" என்பார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். இன்னொரு பெண் விரலிடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து, சேற்றுப்புண் என்று நினைத்துக் களிம்பு வாங்க வருவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுகிறாள் என்று யாராவது துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். வந்தபின் அவளுக்கும் கிடைப்பது அதே "டென்ஷன்", பல நேரம் அதே மாத்திரை, அதே அளவு.

முதல் பெண்ணுக்கு இருப்பது பதற்ற நோய். இரண்டாமவளுக்கு ஓசிடி. இதைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். மருத்துவ நூல்களே நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம் ஐந்தாம் பதிப்பில்தான் ஓசிடியைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயம் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, 2022இல் நடைமுறைக்கு வந்தபோது அதுவும் அப்படியே செய்தது. புத்தகத்தில் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. நம் ஊர் வெளிநோயாளர் சீட்டில் இன்னும் முடியவில்லை. இரண்டையும் ஒன்றாகவே நடத்துவதில் அதிகம் நஷ்டப்படுபவள் இரண்டாமவள்தான் என்பது என் வாதம். அதற்காகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. கணக்கெடுத்த நேரத்தில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. ஓசிடி மட்டும் ஏறத்தாழ 0.8 சதவீதம். சின்ன எண்போலத் தெரியும். ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஊரில் எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டால் அவர்கள் எங்கே என்ற கேள்வி வரும். பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான கோளாறுகளில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. பதற்ற நோய்கள் உலகெங்கும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. ஓசிடியில் அவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. ஆனால் வயதுக்கு வரும் காலம், கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள் ஆகியவற்றில் அது பெண்களிடம் புதிதாகத் தலைகாட்டவோ பழையது முற்றவோ செய்கிறது.

பதற்ற நோய்க்காரியின் பயத்துக்கு வெளியே ஒரு முகவரி இருக்கும். குழு லோன் தவணை நாள், குடித்துவிட்டு வரும் கணவன், பெண்ணின் கல்யாணம், மழை ஏமாற்றிய கேழ்வரகு. பயம் அளவு மீறியிருக்கும், இரவு தூங்க விடாது. ஆனாலும் கேட்பவருக்குப் புரியும். "இவ்ளோ கஷ்டத்துல யாருக்குத்தான் பயம் வராது" என்று அண்டை வீட்டுக்காரி சொல்வாள். ஓசிடிக்காரியின் பயம் கேட்பவருக்குப் புரியாது. அவளுக்கேகூட அது பொருந்தாத பயம் என்று பாதி நேரம் தெரியும். கதவைப் பூட்டினாள், இழுத்தும் பார்த்தாள். பூட்டவில்லையோ என்ற எண்ணம் மறுபடி வருகிறது. திரும்பப் போய்ப் பார்க்கிறாள். பார்த்ததும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதி ஐந்து நிமிடம் நிற்காது. நோய் அந்த நிம்மதியைத் தின்றுதான் வளர்கிறது.

இந்த வட்டாரத்தில் ஓசிடியைக் காட்டிக்கொடுப்பது பல வீடுகளில் தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வந்தாலும் குடத்தை எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் போகவில்லை. ஆகவே கழுவிக்கொண்டே இருக்கும் மருமகள் சீக்கிரம் மாட்டிக்கொள்வாள். தொட்டி காலியானதும் சண்டை வரும். சண்டை வந்தால் டாக்டர் வரைக்கும் போக ஒரு வாய்ப்புண்டு. அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பவளை அவ்வளவு எளிதில் கண்டுபிடிக்க முடியாது. மனதுக்குள்ளேயே சாமி பேரை இருபத்தோரு முறை சொல்லி முடிக்காமல் அடுத்த வேலைக்கு நகர முடியாதவளை யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள். தண்ணீர் செலவில்லாத ஓசிடி பத்து வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

கழுவுகிறவளுக்கும் இன்னொரு திரை உண்டு. சுத்தம் பெண்ணுக்கு நற்சான்றிதழ். எழவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்பது, வீட்டு விலக்கு நாட்களில் ஒதுங்குவது, வெள்ளிக்கிழமை வீட்டை அலசி விடுவது எல்லாம் ஊர் வழக்கம். நோய் அந்த வழக்கத்தின் சேலையைக் கட்டிக்கொண்டு நடமாடும். "எங்க மருமவ ரொம்ப சுத்தம்" என்று ஆரம்பத்தில் பெருமையாகப் பேசுவார்கள். வழக்கம் எங்கே முடிகிறது, நோய் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க மனநல மருத்துவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: அதே வீட்டில், அதே சாதி சனத்தில், மற்றப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? எழவு வீட்டிலிருந்து வந்த எல்லோரும் ஒரு தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள். இவள் மூன்று தடவை குளித்து, குளிக்கும்போது தொட்ட குழாயைக் கழுவி, குழாயைக் கழுவிய கையை மறுபடி கழுவிக்கொண்டு நிற்கிறாள். அதனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அல்லது வேலை, உறவு கெடுகிறது என்றால் அது நோய். மத நம்பிக்கையைக் குறைசொல்ல இங்கே தேவையே இல்லை.

ஆலைக்குப் போகும் பெண்களிடம் திரை வேறு மாதிரி. ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட் வளாகங்களுக்கும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கும் இந்த மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களும் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்களும் நிறைய. அங்கே சரிபார்ப்பதே வேலை. ஆனால் ஆலையின் சரிபார்ப்புக்குப் பட்டியல் உண்டு, கடைசிக் கட்டம் உண்டு, டிக் போட்டால் முடிந்தது. ஓசிடியில் அந்தக் கடைசிக் கட்டம் இல்லை. பல பேர் பங்குபோடும் விடுதிக் குளியலறையில் ஒருத்தி முக்கால் மணி நேரம் எடுத்தால் கதவு தட்டப்படும், பட்டப்பெயர் வைப்பார்கள். பதற்ற நோய் இங்கே ஷிப்ட் மாறும்போது தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், லைனில் மயங்கி விழுவதில் போய் முடியும். மயங்கி விழுந்தவளை எல்லோரும் தாங்கிப் பிடிப்பார்கள்.

மருந்துக்கு வருவோம். என் கணக்கில் பெரிய தவறு நடக்கும் இடம் இதுதான். இரண்டு நோய்க்கும் பெரும்பாலும் ஒரே வகை மருந்துகள்தான்: ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம். அதனால் சீட்டு ஒன்றுபோல இருப்பதில் தப்பில்லை. அளவும் காலமும்தான் வேறு. பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ ஃப்ளூவாக்செடின் 20 மில்லிகிராம் பல பேருக்குப் போதும், சில வாரங்களில் தெளிவு தெரியும். ஓசிடிக்கு வழக்கமாக 40 முதல் 80 மில்லிகிராம் வரை மெல்ல ஏற்ற வேண்டியிருக்கும். வேலை செய்கிறதா என்று தீர்ப்புச் சொல்லவே 10, 12 வாரம் ஆகும். குணம் தெரிந்தபின்னும் ஓரிரு வருடமாவது தொடரச் சொல்வார்கள். 20 மில்லிகிராமை ஒரு மாதம் போட்டுவிட்டு "மருந்து கேக்கல" என்று நிறுத்திய ஓசிடி நோயாளி உண்மையில் மருந்தைச் சோதித்தே பார்க்கவில்லை. அவளும் அவள் வீட்டாரும் மருந்தின்மேல் இழந்த நம்பிக்கை மட்டும் மிச்சம். (அளவை ஏற்றுவதும் இறக்குவதும் மனநல மருத்துவர் கையில் இருக்க வேண்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.)

அல்பிரசோலம், குளோனசிபாம் கதை தனி. படபடப்பு உச்சத்தில் இருப்பவளுக்குக் கொஞ்ச நாளைக்கு உதவும், பிறகு பழக்கமாகிவிடும். ஓசிடியின் அடிப்படையை அவை தொடுவதில்லை. இரண்டு பெண்களுமே வருடக்கணக்கில் இந்தச் சின்ன மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதை எந்த மருந்துக்கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். மாத்திரைக்கு முன் செய்ய வேண்டிய சோதனையும் உண்டு. படபடப்பு, கை நடுக்கம் என்று வருகிறவளுக்குத் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தாக வேண்டும். தைராய்டு கூடினால் வரும் படபடப்பு அச்சு அசலாகப் பதற்ற நோய்போலவே இருக்கும்.

பேச்சுச் சிகிச்சையில்தான் இரு பாதைகளும் எதிரெதிராகவே பிரிகின்றன. பதற்ற நோய்க்கு மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்துவது, கவலையை எழுதி வைத்து எது நம் கையில் இருக்கிறது என்று பிரிப்பது, விட்டுப்போன வேலைகளை மறுபடி தொடங்குவது எல்லாம் பலன் தரும். கவலையின் காரணத்தில் கை வைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. தவணை வசூலுக்கு வந்து வாசலில் உட்கார்ந்து மானத்தை வாங்குகிறவர்களால் தூக்கம் கெட்டவளுக்கு, கட்டாய வசூல் நடவடிக்கைகளைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் நிறைவேற்றிய சட்டமும் ஒருவகையில் மருந்துதான். ஓசிடிக்கு அப்படி எந்தச் சட்டமும் உதவாது. மூச்சுப் பயிற்சியும் பெரிதாக உதவாது.

அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஏற்கெனவே மருந்து சாப்பிட்டும் முழுக் குணம் காணாத 108 ஓசிடி நோயாளிகளை அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மன அழுத்தத்தைத் தணிக்கும் பயிற்சி. மறு பகுதிக்கு, பயத்தை நேருக்கு நேர் சந்தித்துச் சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி. 2008இல் வந்த முடிவில் முதல் பகுதியில் 22 சதவீதம் பேருக்குத்தான் முன்னேற்றம். இரண்டாவதில் 74 சதவீதம். படபடப்புக்காரிக்குக் கைகொடுக்கும் பயிற்சியை ஓசிடிக்காரிக்குக் கொடுத்து "கவுன்சலிங் பண்ணியாச்சு" என்று எழுதுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை.

அந்த இரண்டாவது பயிற்சியின் வரலாறும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கிறது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966இல் இரண்டு நோயாளிகளின் சிகிச்சையை எழுதி வெளியிட்டார். அவர்களில் ஒருவர் கழுவும் நோய் முற்றிய ஓர் ஆசிரியை. அவர் அறைக் குழாயில் தண்ணீரையே நிறுத்தி, அஞ்சும் பொருட்களைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கத் துணை நின்றார்கள். கழுவாவிட்டால் பயம் ஏறிக்கொண்டே போய் ஆளைக் கொன்றுவிடும் என்றுதான் நோயாளி நினைக்கிறார். ஏறிய பயம் கழுவாமலே இறங்கும் என்பதை உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. இன்று யாரும் குழாயை மூடுவதில்லை. நோயாளியே சம்மதித்து, குறைந்த பயத்திலிருந்து படிப்படியாக மேலே போகும்படி திட்டம் போடுகிறார்கள். நம் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் படிகள் இப்படி இருக்கலாம்: வெளிக்கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு அரை மணி நேரம் கழுவாமல் இருப்பது. டவுன் பஸ் சீட்டில் உட்கார்ந்த சேலையோடு சமையலறைக்குள் போவது. செருப்பைத் தொட்ட கையால் தன் தலையணையைத் தொடுவது. உளவியலாளர் எட்னா ஃபோவா குழுவினர் 122 பேரை வைத்துச் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பயிற்சிக்கு 62 சதவீதம் பேரும், க்ளோமிப்ரமின் மாத்திரைக்கு 42 சதவீதம் பேரும், இரண்டும் சேர்ந்தபோது 70 சதவீதம் பேரும் தேறினார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரைக்குத் தேறியவர்கள் 8 சதவீதம். இதெல்லாம் வெளிநாட்டு எண்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். பெங்களூரிலோ ஊத்தங்கரையிலோ அப்படியே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. திசை மாறாது என்று மட்டும் நம்பலாம்.

குடும்பம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் இங்கே தலைகீழ். பதறுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, அவள் வேலையில் பாதியை வாங்கிக்கொண்டால் அவள் தேறுவாள். ஓசிடிக்காரிக்கு அதே பாசம் நோய்க்குச் சோறு போடுவதாக ஆகிவிடும். "பூட்டிட்டேனா?" என்று எட்டாவது தடவை கேட்பவளிடம் "பூட்டிட்ட தாயி" என்று எட்டாவது தடவையும் பொறுமையாகச் சொல்கிற கணவன் நல்லவன்தான். அந்த நல்ல மனசுதான் ஒன்பதாவது கேள்வியைக் கூட்டிவருகிறது. அவள் சொன்னபடியெல்லாம் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் விடும் மாமியாரும் அப்படியே. அடிப்பதும் திட்டுவதும் இதற்கு மாற்று என்று அர்த்தமில்லை, அது இன்னும் மோசம். சிகிச்சையாளரோடு சேர்ந்து, அவளும் ஒப்புக்கொண்டு, "இந்தக் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல இருக்கேன்" என்று ஒரு உடன்படிக்கைக்கு வர வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் இதை மீறினாலும் போதும், நோய் அவரிடம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முழுக் குடும்பத்தையும் ஒரு தடவையாவது உட்கார வைத்துப் பேசாத ஓசிடி சிகிச்சையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிள்ளை பெற்றவர்கள் விஷயத்தில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. குழந்தைக்கு மூச்சு இருக்கிறதா, பால் போதுமா என்று எந்நேரமும் பதறும் தாய் அதை வாய்விட்டுச் சொல்வாள். ஓசிடி வந்த தாய்க்கு வரும் எண்ணம் வாயால் சொல்லக்கூடியதாக இருக்காது. அருவாமனையைப் பார்த்தால், தன் கையாலேயே குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற காட்சி மின்னலாக வந்து போகும். அதிர்ந்துபோய்க் கத்தியை ஒளித்துவைப்பாள், குழந்தையைத் தூக்கவே பயப்படுவாள். இப்படித் தானே நடுங்கி வெறுக்கும் எண்ணத்தை ஓசிடி நோயாளிகள் செயலாக்குவதில்லை. பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனப்பிறழ்வில் குரல் கேட்டு, அதை நம்பி நடக்கிற நிலைமை வேறு. அது அவசர சிகிச்சைக்குரியது. இரண்டையும் பிரித்தறிய மனநல மருத்துவர் வேண்டும். "பேய் புடிச்சிருக்கு" என்று குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது இருவருக்கும் கேடு. தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாக அனுமதித்துச் சிகிச்சை தரும் பிரிவை நிம்ஹான்ஸ் 2009இலிருந்து நடத்திவருகிறது. பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. செர்ட்ராலின் அவற்றில் முதன்மையானது.

நிம்ஹான்ஸ் இருப்பதே பெங்களூரின் ஓசூர் ரோட்டில்தான். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போல. சாமல்பட்டியிலிருந்து ரயில் ஏறி ஜோலார்பேட்டை வழியாகவும் போகலாம். ஓசிடிக்கென்றே அங்கே தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் எல்லை மாவட்டத்துப் பெண்ணுக்கு அங்கே மொழி பெரிய தடையல்ல. தடையெல்லாம் எண்ணிக்கையில்தான். மாத்திரை வாங்க மாதம் ஒரு தடவை போய்வரலாம். பயிற்சி என்றால் பொதுவாக 13 முதல் 20 அமர்வுகள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி, துணைக்கு வருகிறவரின் கூலி, பால் கறக்க ஆள், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஆள். பதற்ற நோய்க்காரி தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ஓரளவு தேறிவிட முடிகிறது. ஓசிடிக்காரி மாத்திரையோடு நின்றுவிடுகிறாள், ஏனென்றால் அது மட்டும்தான் பையில் போட்டு எடுத்துவரக் கூடியது.

மாவட்ட மனநலத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தது. 1970களில் நிம்ஹான்ஸ், ஓசூர் எல்லைக்கு அந்தப்புறம் ஆனேக்கல் பக்கத்துச் சகலவாராவில் கிராம மனநல மையம் வைத்து, சாதாரணச் சுகாதாரப் பணியாளர்களுக்கே மனநோயைக் கண்டறியச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. பிறகு பெல்லாரி மாவட்டத்தில் அதை விரித்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்த திட்டம் 1996–97இல் தமிழ்நாட்டில் திருச்சியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கு வந்தது. மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய குழு குறித்த நாளில் குறித்த மருத்துவமனைக்கு வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே நாளில் நீண்ட வரிசையைப் பார்த்து முடிக்க வேண்டிய இடத்தில், ஒருத்தியைச் செருப்பைத் தொடவைத்து முக்கால் மணி நேரம் கூடவே உட்கார நேரம் எங்கே இருக்கும்? மருந்து எழுத ஐந்து நிமிடம் போதும்.

வீடியோ அழைப்பில் பயிற்சி தருவது இந்த இடத்தில் வசதிக்குறைவான மாற்று அல்ல, ஒருவகையில் மேலானது. ஓசிடிக்காரி பயப்படும் தாழ்ப்பாளும் குழாயும் பெங்களூரில் இல்லை, அவள் வீட்டில்தான் இருக்கின்றன. பயிற்சி நடக்க வேண்டிய இடமும் அதுதான். மருத்துவர் சொன்ன படிகளை வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து கூட இருந்து செய்யவைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை இந்த மாவட்டம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மகளிர் தன்னார்வலர்களுக்கு, இரண்டு விஷயத்தில் மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும்: படபடப்பையும் ஓசிடியையும் பிரித்தறியும் நாலைந்து கேள்விகள், பயிற்சியின்போது கூட இருக்கும் முறை. அரசு இதைச் செய்ய வேண்டும், தொடங்கிவைத்த மாவட்டத்திலேயே முதலில் செய்ய வேண்டும்.

அதுவரை, வீட்டுப் பெண்ணை டாக்டரிடம் அழைத்துப் போகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வாருங்கள்: இது பதற்றமா ஓசிடியா, இந்த அளவு எத்தனை வாரத்துக்கு, வீட்டில் நாங்கள் எதைச் செய்யக் கூடாது. நேரில் போக முடியாதவர்களுக்கு டெலி மனஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் அரசு சேவை அது. எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.